லிஸ்ட்டில் இல்லாத சாட்டு

ஏப்ரல் 6, ஞாயிறு

எனக்கு மறதி வந்துவிட்டதாம். என் மகள் அன்புக்கரசி கண்டுபிடித்திருக்கிறாள். கோயமுத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள் அல்லவா, லீவு நாளிலும் அவளுக்கு ஒரு நோயாளி வேண்டும். போன வாரம் ஒரே சங்கதியை அவளிடம் இரண்டு தடவை சொன்னேனாம். சொன்னேன்தான். முதல் தடவை அவள் காது கொடுக்கவில்லை. அது எப்படி என் மறதி ஆகும்?

"அன்னன்னைக்கு நடந்தத இதுல பேசுங்கப்பா. பச்சைய அமுக்கிப்போட்டுப் பேசுனாப் போதும், அதே எழுதிக்கும்" என்று ஒரு பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பேசுகிறேன். எழுதுகிறது. என்ன எழுதுகிறதென்று தெரியாது. நான் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததெல்லாம் ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போதுதான். ஆனால் மறதியா? பெரிய தோட்டத்துக் கிணற்றில் நாங்கள் தூர் எடுத்த ஒவ்வொரு வருசத்தையும் சொல்வேன். எந்த வருசம் யார் கை நழுவிச் சேற்றுக்கூடை விழுந்தது, யார் தோளில் விழுந்தது என்றும் சொல்வேன். எந்த டாக்டர் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

போன் அந்த ஆளுடையது. அன்புக்கரசியின் ஊட்டுக்காரன், அவளைக் கட்டியவன். பேர் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். மறந்து விடவில்லை, எரிச்சலில் விட்டேன்.

பரீட்சை லீவுக்கு அவர்கள் குடும்பத்தோடு கேரளாவில் ஏதோ ஒரு தண்ணிப் பார்க்குக்குப் போகிறார்கள். ராட்டினம் மாதிரி மேலே ஏறுகிற தூரி, கீழே பாய்கிற தூரி, தலைகீழாகத் தொங்கவிடுகிற தூரி என்று ஏகப்பட்டது இருக்கிறதாம். இரண்டு நாள், நடுவில் ஒரு ராத்திரி. இருபத்தாறாம் தேதி கிளம்புவது. நானும் என் பொண்டாட்டி கருப்பாத்தாளும் கூட வரவேண்டுமாம். என்னைக் கேட்டுவிட்டா டிக்கெட் போட்டார்கள்? போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வீட்டுப் பழக்கம் அது.

இதற்கு ஒரு லிஸ்ட். அந்த ஆள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறான். பிரிண்ட் போடுகிற மிசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இருந்தால் எதையாவது அடித்துத் தள்ள வேண்டும் இல்லையா. ஆளுக்கொரு காகிதம், அதற்குப் பிளாஸ்டிக் உறை. வரிக்கு வரி ஒரு கட்டம். சாமானைப் பையில் வைத்ததும் கட்டத்தில் டிக் போடவேண்டும். எனக்குப் படிக்க வராது என்று என் காகிதத்தில் மட்டும் படம் போட்டிருக்கிறான். பல் விளக்கும் பிரஷ். மாத்திரை. செருப்பு. தண்ணி பாட்டில். ஜட்டி.

எழுபத்து நாலு வயசில் எனக்கு ஜட்டியைப் படம் போட்டுக் காட்டுகிறான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

என் அப்பனுக்குக் காரியம் செய்ய பவானி கூடுதுறைக்குப் போனேன். பஸ் மாறி மாறிப் போன காலம். கொண்டுபோனது ஒரு துண்டும் அப்பனின் எலும்பும். இரண்டில் எதையும் நான் மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை. எனக்கு யாரும் படம் போட்டுக் கொடுக்கவும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

லிஸ்ட்டில் ஒரு வரியைச் சிவப்பில் அடித்திருக்கிறார்கள். என்னவென்று மகன் கதிர்வேலைப் படிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் தனி அடுப்பு வைத்திருக்கிறான், விசைத்தறி ஓட்டுகிறான். படித்துவிட்டுச் சிரித்தான். பருத்தித் துணியோடு தண்ணிக்குள் இறங்க விடமாட்டார்களாம். வேட்டி, சேலை, லுங்கி எதுவும் ஆகாது. நைலான்தான் வேண்டும்.

இந்தக் கருமத்தம்பட்டிச் சுற்றுப்பக்கம் முழுக்கப் பருத்தியை நெய்துதான் சோறு தின்கிறது. தண்ணிக்கு அது ஆகாதாம்.

ஏப்ரல் 10, வியாழன்

கருப்பாத்தாளுக்குப் புத்தி கெட்டுவிட்டது. காலையில் சந்தைக்குப் போகிறேன் என்று போனவள் கத்தரிக்காயோடு ஒரு நைலான் சுடிதாரும் வாங்கிவந்திருக்கிறாள். மயில் கழுத்து நிறம். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். பல வருசமாகச் சாத்தாத கதவு, அது கத்துகிற சத்தத்தில்தான் நான் எட்டிப் பார்த்தேன்.

"சோளக்காட்டுல குருவி ஓட்ட நட்டு வெச்ச பொம்மையாட்ட இருக்கறே" என்றேன்.

"குருவி ஓடுனாச் சொல்லுங்க" என்றாள். கழற்றவில்லை.

அவளுக்கு அந்தப் பார்க்கில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அலைக்குளம். ஒரு பெரிய தொட்டி, சங்கு ஊதினால் கடல் மாதிரி அலை எழும்புமாம். மகள் போனில் படம் காட்டியிருக்கிறாள். அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாளாம். கடலைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. எங்கே பார்ப்பது? களையெடுக்கப் போன காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கடல் இல்லை.

"அத்தன தண்ணியும் தானா எந்திரிச்சு நம்ம கிட்ட வருதுங்க" என்கிறாள். "தண்ணி நம்மளத் தேடி வாரதப் பாத்துருக்கறீங்களா நீங்க?"

"மோட்டார் போட்டுத் தள்ளறான். அதப் பாக்க வேன் புடிச்சுப் போகோணுமா?"

"நான் போறனுங்க."

"போ. ஆரு தடுத்தா? நான் வரல."

நான் இல்லாமல் அவள் போகமாட்டாள். சுகர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க, ரசத்தைச் சுட வைக்க எனக்கு ஆள் வேண்டுமாம். எனக்கு வேண்டியது என்னவென்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஏன் வரமாட்டேன் என்று இந்தப் போனுக்காவது சொல்லிவைக்கிறேன். மறதிக்காரன் என்கிறார்களே, பிறகு ஒரு நாள் எனக்கே தேவைப்படலாம்.

வேன் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறது. ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அந்த வீட்டு நிலவுப்படியை நான் ஒரே ஒரு தடவை தாண்டினேன், கலியாணம் முடிந்த அன்று. சொம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். பதினோரு வருசமாக வேண்டாம்தான்.

அவர்கள் எங்கள் ஆட்கள்தான், வேற்று ஆள் இல்லை. அந்த ஆளின் தாத்தன் எங்களைப் போலவே அடுத்தவன் காட்டில் ஏர் ஓட்டியவன், அப்புறம் சர்ச்சுக்குப் போனான். அது என் வருத்தம் இல்லை. எந்தச் சாமி எங்களுக்கு என்ன செய்தது, மாறாமல் இருக்க? என் வருத்தம் வேறு. பொண்ணுக்கு ஞானஸ்நானம் ஆனால்தான் சர்ச்சில் கட்டமுடியும் என்று தலையில் தண்ணி ஊற்றி, எஸ்தர் என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்கள். அன்புக்கரசி என்பது நான் வைத்த பேர். ஊரில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லியே கூப்பிடாத காலத்தில், அரசி என்று முடியவேண்டும் என்று நான் தேடி வைத்த பேர். அதென்ன அழுக்கா, தண்ணி ஊற்றிக் கழுவ?

இவ்வளவுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றைக்கு நல்ல நாள்.

ஊரில் மாரியம்மன் திருவிழா, எங்கள் நோம்பி, வைக்க முடிவாகிவிட்டது. கோயில் கட்டட வேலை என்று மூன்று வருசமாக நோம்பியே இல்லை, ஊரே மறந்துபோயிருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, நோம்பியை ஊருக்குச் சொல்லி அறிவிக்கும் சாட்டு. சாட்டினால் கட்டு விழுந்துவிடும். அன்று ராத்திரி ஊருக்குள் படுத்தவர்கள் நோம்பி முடியும்வரை வெளியூரில் ராத்திரி தங்கக்கூடாது. வேலைக்குப் போகலாம், விளக்கு வைத்தபின் ஆனாலும் வந்துவிடவேண்டும். மீறினால் அம்மை போடும், அடுப்பு அவியும் என்று பயம். கருப்பாத்தாளுக்கு அந்தப் பயம் எலும்பு வரை உண்டு.

இருபத்தாறாம் தேதி கேரளாவில் ராத்திரி தங்குவதாம். பிரஷ்ஷுக்குக் கட்டம், ஜட்டிக்குக் கட்டம், செருப்புக்குக் கட்டம். சாட்டுக்கு மட்டும் கட்டம் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

அன்புக்கரசி போனில் அழாத குறை. "மூணு வருசமா நோம்பியே இல்லைங்களேப்பா. ஆருக்கு நெனப்பு இருக்கும்?"

"எனக்கு இருக்குது. மறதிக்காரனுக்கு" என்றேன்.

டிக்கெட்டைத் தேதி மாற்ற முடியாதாம். பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் கோச்சிங் கிளாஸாம். அந்த ஆள் பின்னால் ஏதோ மெதுவாகச் சொன்னது கேட்டது. திட்டியிருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். திட்டவில்லை.

கருப்பாத்தாள் சுடிதாரை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். மேலே பழைய சேலைகளைப் போட்டாள். ரசத்தை மட்டும் சுட வைத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பாலுசாமி வந்திருந்தார். பெரிய தோட்டத்துக்காரர், கோயில் கமிட்டிக்குத் தலைவர். என் வயசுதான். எங்கள் வீதிக்குள் வந்து, கார் கதவைத் திறந்து, இறங்காமல் பேசினார்.

"ஐயாசாமி, இந்த வருசம் சாட்டு பழைய முறையில செய்யோணும். மைக்கு கியிக்கு வேண்டாம். நீதான் தப்பட்டை எடுத்து ஊரச் சுத்தி வந்து சாட்டோணும். யூடியூப்காரங்க வராங்க. புது வேட்டி எடுத்துத் தாரேன்."

"சரிங்க" என்றேன். சொன்னபிறகுதான் ஏன் சொன்னேன் என்று யோசித்தேன்.

அது என் அப்பன் வேலை, அப்புறம் என் வேலை. என் வாயால்தான் ஊர் கட்டுப்படும். "கட்டு விழுந்ததுங்கோ" என்று நான் சொன்னால் பாலுசாமியின் அப்பன் கூட வெளியூரில் படுக்கமுடியாது. பிறகு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு நாலு பையன்கள் அந்த வேலையைச் செய்தார்கள், கூடவே சினிமாப் பாட்டும் போட்டார்கள். இப்போது படம் பிடிக்க வேண்டும் என்றதும் நான் நினைவுக்கு வந்துவிட்டேன்.

அவர் போனபின் அந்தக் கிணறுதான் கண்ணுக்குள் நின்றது. சின்ன வயசில் பாலுசாமி மேட்டிலிருந்து குதிப்பார், முங்குவார், எதிர்ப்பக்கம் எழுந்து தலையை உதறுவார். நான் ஆட்டை மடக்கிக்கொண்டு மேலே நின்று பார்ப்பேன். எங்களுக்குத் தாகம் என்றால் யாராவது மேலேயிருந்து ஊற்ற வேண்டும், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். நாங்களே சொம்பை உள்ளே விட்டு மோந்து குடிக்கக் கூடாது. வருசத்துக்கு ஒரு தடவை தண்ணி வற்றினால் மட்டும் கூப்பிடுவார்கள். தூர் எடுக்க இறங்கலாம், குளிக்க இறங்கக்கூடாது. அந்தக் கிணற்றின் அடியை என்னைப் போல அறிந்தவன் இல்லை. எனக்கு இன்று வரை நீச்சல் தெரியாது.

ஏப்ரல் 19, சனி

கதிர்வேல் பூசாரியிடம் போய்க் கேட்டு வந்திருக்கிறான். யார் இவனைக் கேட்கச் சொன்னது?

சாட்டு விழுகிற ராத்திரி ஊருக்குள் இல்லாதவனுக்குக் கட்டு இல்லையாம். அது எனக்கே தெரியும். ஆனால் ஓர் அடுப்பு என்றால் ஒரு கட்டு. புருசன் உள்ளே, பொண்டாட்டி வெளியே என்று கிடையாது. இரண்டு பேரும் இருக்கவேண்டும், இல்லை இரண்டு பேரும் போகவேண்டும்.

"செவ்வாக்கெழமை காலைல கெளம்பி அன்பு ஊட்டுக்குப் போயிருங்க. சனிக்கெழமை அங்கிருந்தே பார்க்கு. அம்மாவுக்கு வேற என்னப்பா ஆசை இருக்குது?"

"செவ்வாக்கெழமை நாந்தான்டா சாட்டறேன்."

"ஓ. யூடியூப்ல வருவீங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டான்.

கருப்பாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாலு நாளாகப் பேசாதவள் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏனுங்க. உங்குளுக்குத் தண்ணி குடுக்காதவன் கூப்புட்டா சரீங்கறீங்க. சொம்பத் தூக்கிட்டு வந்து நிக்கற ஊட்டுல வேண்டாங்கறீங்க. உங்கள என்ன கணக்குல சேக்கறதுன்னே எனக்குத் தெரியலீங்க."

இவளுக்கு இப்படிப் பேச எங்கே கற்றுக்கொடுத்தார்கள்? என்ன பேச்சு இது. நானென்ன அவனுக்கு அடிமையா. சரின்னு சொன்னது வேட்டிக்கா? இல்ல. அப்ப எதுக்கு?

ஏப்ரல் 20, ஞாயிறு

பெரிய தோட்டத்துக்குப் போனேன். பாலுசாமி ஊஞ்சலில் இருந்தார். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். காலம் மாறிவிட்டது என்று காட்டுவதற்கு எல்லார் வீட்டிலும் இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. ஊரைச் சுத்திச் சாட்டி முடிச்சுப்போட்டு, இந்தத் தடவ நான் கோயிலுக்குள்ளயே வந்து துண்ணூறு வாங்கிக்கட்டுங்களா?"

ஊஞ்சல் நிற்கவில்லை. "அதெல்லாம் நாலு பெரியவங்க கூடிப் பேசோணும் ஐயாசாமி. இப்பத்தான் கோயில் வேலையே முடிஞ்சுருக்குது. நீ எப்பவும் போல வெளிய கல்லுகிட்ட நின்னுக்க. தட்டுல வெச்சுக் கொண்டாந்து குடுக்கச் சொல்றேன். நல்லாக் குடுக்கச் சொல்றேன்."

நல்லாக் குடுக்கச் சொல்றாராம்.

உள்ளே விடமாட்டான். ஊரை விட்டு வெளியேயும் விடமாட்டான். நான் என்ன, கட்டுத்தறி மாடா?

ஏப்ரல் 21, திங்கள்

தப்பட்டையை எடுத்துத் துடைத்து, அனல் காட்டிப் பார்த்தேன். தோல் இன்னும் நன்றாக இருக்கிறது. கணீரென்று ஒரு அடி. அப்படியே ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோயமுத்தூரில் எனக்கு வேலை இருந்தது. கண்ணாடிக்குக் காது உடைந்து ரொம்ப நாளாகிறது, அதை மாற்றவேண்டும். காலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கருப்பாத்தாளும் வந்தாள். ஏன் வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, ஏன் போகிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. பெட்டியின் அடியில் சுடிதார் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

எனக்கென்று இரண்டு பெரிய பாட்டிலில் வீட்டுத் தண்ணி எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலத்திலிருந்து பாலுசாமி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இதோ, பேசும்போதே அடிக்கிறது. அடிக்கட்டும். ஊர் கட்டுப்பட வேண்டுமானால் அவரே தப்பட்டையை எடுத்துச் சுற்றிவரட்டும். யூடியூப்காரர்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.

ஏப்ரல் 23, புதன்

மகளின் இந்த வீட்டைப் பற்றி. சிறிய வீடு. சுவரில் ஏசு. ஏசுவுக்குக் கீழே லிஸ்ட். ஐஸ் பெட்டிக் கதவில் லிஸ்ட். குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் கூட ஒரு லிஸ்ட், குழாயை மூடினீர்களா என்று. இந்த ஆள் பிறந்தபோதே கையில் ஒரு கட்டம் போட்ட காகிதத்தோடுதான் பிறந்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா ராசம்மாள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். "எங்குளுக்குச் சிறுவாணித் தண்ணிங்க. கோயமுத்தூர்ல எல்லாத்துக்கும் கெடைக்காதுங்க. குடிச்சுப் பாருங்க, சக்கரையாட்ட இருக்கும்."

"எனக்குச் சக்கரை ஆகாதுங்க" என்றேன்.

அடுப்படி ஓரம் மண்பானை, மூடி மேல் சொம்பு. நான் என் பாட்டிலில் குடித்தேன். சாப்பாட்டுக்கு முக்கில் உள்ள மெஸ். கருப்பாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொன்று. காலையிலிருந்து காது கொடுத்துக் கேட்கிறேன். அந்த ஆள் அன்பு என்றுதான் கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்பு சிஸ்டர் என்கிறார்கள். எஸ்தர் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. இரண்டு பாட்டிலும் காலி. கடையில் வாங்கினேன். பிளாஸ்டிக் வாசம்.

ஏப்ரல் 25, வெள்ளி

கிளம்புவதற்கு முன் லிஸ்ட் பார்க்கும் படலம். அந்த ஆள் ஒவ்வொருவர் காகிதத்தையும் வாங்கிச் சரிபார்த்தான். என்னுடையதை நான் தொடவே இல்லை, ஆனால் எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. கருப்பாத்தாள் வேலை. டிக் போடத் தெரியாமல் பிளாஸ்டிக் உறை மேல் கட்டத்துக்குக் கட்டம் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். பிரஷ்ஷுக்குப் பொட்டு, மாத்திரைக்குப் பொட்டு, ஜட்டிக்கும் பொட்டு.

சர்ச்சுக்கார வீட்டில் குங்குமத்துக்கு எங்கே போனாள்? கையோடு கொண்டுவந்திருக்கிறாள்.

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அத்தையோடது எல்லாம் ஓக்கே, மாமாவோடதும் ஓக்கே" என்று சொல்லி, பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துப் பைக்குள் வைத்தான். தூ, இதற்கெல்லாம் ஒரு ஆபீசர் தோரணை.

ஏப்ரல் 26, சனி

பார்க். சொல்கிறேன்.

வாசலில் எல்லார் கையிலும் ஒரு காகித வளையத்தை ஒட்டினார்கள். அதைக் காட்டினால் எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். இதுவும் ஒரு காப்புத்தான். நோம்பியில் பூசாரிக்குத்தான் காப்புக் கட்டுவார்கள், இங்கே எனக்கும் கட்டினார்கள், எனக்கு முன்னால் நின்ற சேட்டு வீட்டுக் கிழவிக்கும் கட்டினார்கள். ஒரே நிறம்.

உள்ளே நான் பார்த்த முட்டாள்தனத்தை எல்லாம் சொன்னால் இந்தப் போன் சூடாகிவிடும். கத்துவதற்காக வரிசையில் நிற்கிறார்கள். நடுவெயிலில் பெரிய மனிதர்கள் டயருக்குள் உட்கார்ந்து குழாய் வழியாக வழுக்கி வருகிறார்கள். எங்களூர் சாக்கடையில் தேங்காய்த் தொட்டி வருவதைப் போல. வந்து விழுந்ததும் எழுந்து மறுபடியும் மேலே ஓடுகிறார்கள். ஒரு வடைக்கு அவன் சொல்கிற விலைக்கு ஒரு ஆட்டுக் காலே வாங்கலாம்.

எனக்கு முழங்கால் வரை ஒரு நைலான் கால்சட்டை கொண்டுவந்தான் அந்த ஆள். மாட்டேன் என்றேன். ஓரத்தில் பெஞ்சில் வேட்டியோடு உட்கார்ந்துகொண்டேன்.

அலைக்குளம் உண்மையில் பெரிதுதான். கருப்பாத்தாள் மயில் கழுத்துச் சுடிதாரில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கணுக்கால் அளவுத் தண்ணியிலேயே நின்றுவிட்டாள். சங்கு ஊதியது. கூட்டமே கத்தியது. அவள் கத்தவில்லை. அலை வந்து அவள் முழங்காலில் மோதித் திரும்பியது. குனிந்து அந்தத் தண்ணியைப் பார்த்தாள், தெரிந்த ஆளைப் பார்ப்பதைப் போல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க. சித்தெ வாங்க. ஒண்ணும் பண்றதில்லீங்க."

அத்தனை பேருக்கு முன்னால் இப்படிக் கூப்பிட்டால் என்ன செய்வது. கால்சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அவள் கூப்பிடுவதை நிறுத்தவேண்டுமே என்றுதான்.

இறங்க வேண்டாம் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. ஒரு ஆள் விசிலோடு மேலே உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அவன் என்னைப் பார்த்தான். விசில் ஊதவில்லை.

இடுப்பளவுக்குப் போய்விட்டேன். ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. அடுத்த அலை மூஞ்சியிலேயே அடித்தது. கால் நழுவியது, வாய் திறந்திருந்தது, ஒரு சொம்பளவுக்காவது உள்ளே போயிருக்கும். மருந்து வாடை. அந்த ஆள் என் தோளுக்கடியில் கை கொடுத்து நிறுத்தினான். "காலை அகட்டி நில்லுங்க மாமா. அலை வந்தா லேசா எம்பிக்குங்க." எனக்கு நிற்கத் தெரியாதா? கையை எடுக்கச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எம்பினேன்.

நேரமாகிவிட்டது, வெளியே வா என்று பேத்தி வந்து கூப்பிடும் வரை நின்றிருக்கிறோம். விரல் எல்லாம் சுருங்கிப்போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மறுபடியும் அலைக்குளம். வேறொன்றும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ராத்திரி வேன் வந்து சேர்ந்தது. காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்த வாய்க்கால் மாதிரி. கடைப் பாட்டில் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக எழுந்தேன்.

கருப்பாத்தாள் சுடிதாரைக் கொடியில் உலர்த்திக்கொண்டே கேட்டாள். "எங்கீங்க?"

"தண்ணி வாங்க."

"ஏனுங்க, கண்டவன் காலும் கையும் அலசுன தண்ணி அது. சேட்டு குளிச்சான், பாய் குளிச்சான், மலையாளத்தான் குளிச்சான். அதுல ஒரு சொம்பு குடிச்சுப்போட்டு வந்துருக்கறீங்க. மக ஊட்டுப் பானைத் தண்ணி உங்குளுக்குச் சேராதுங்களா?"

பதில் சொல்லலாம்தான். அதுவா வாய்க்குள்ள போச்சு, நானா குடிச்சேன் என்று சொல்லலாம். அவளிடம் எடுபடாது.

"சரி, மோந்து குடு" என்றேன்.

"பானை அங்கதானுங்க இருக்குது. சொம்பும் இருக்குது. நீங்களே மோந்து குடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கொடிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மாப்பிள்ளை ஆபீசுக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா குளிக்கிறார்கள். அடுப்படியில் யாரும் இல்லை.

பாலுசாமி காலையிலேயே மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை எடுத்தேன். மைக் வைத்துத்தான் சாட்டினார்களாம், அது பாதியில் மக்கர் பண்ணியதாம். மாவிளக்கு அன்றைக்காவது வந்து நில் என்றார். கட்டுக்கு வெளியே இருக்கிறேனுங்க, இப்போ வந்து படுத்தால் கட்டு விழுந்துரும், நோம்பி முடியட்டும் வாரேனுங்க என்றேன். எங்கே இருக்கறே என்று கேட்டார். என் மக அன்புக்கரசி ஊட்டுல என்றேன்.

பானை மூடியைத் திறந்து, சொம்பை உள்ளே விட்டு மோந்து குடித்தேன். சிறுவாணித் தண்ணி. சக்கரை மாதிரியெல்லாம் இல்லை, அந்தம்மாவுக்கு எல்லாமே பெரிய பேச்சு. தண்ணி தண்ணியாட்டத்தான் இருக்கிறது.

இன்னொரு சொம்பு மோந்தேன்.